ஃப்ரீசியா பூக்காத ஊரில்

சனிக்கிழமை காலை வானொலியில் அரை மணி நேரம் வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசுகிறேன். வரும் குறுஞ்செய்திகளில் பாதி கறிவேப்பிலைதான். 'இலை கருகுது', 'எறும்பு மொய்க்குது', 'பக்கத்து வீட்டு மரம் மட்டும் தழைக்குது'. மீதியில் மல்லிகையும் ரோஜாவும் பங்கு போட்டுக்கொள்ளும். கொஞ்ச நாளாக இந்த வரிசையில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: ஃப்ரீசியா. இணையக் கடைகளில் மஞ்சளும் ஊதாவும் வெள்ளையுமாகப் படம் போட்டு, பத்துக் கிழங்கு ஒரு பொட்டலம் என்று விற்கிறார்கள். வாங்கி நட்டவர்கள் கேட்பது ஒரே கேள்வி: 'இலை நன்றாக வந்தது. பூ எப்போது வரும்?'

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பால்கனியில் வைத்த தொட்டியில் வராது. கெட்டிக்காரத்தனமோ, உரமோ, ராசியான கையோ இதற்கு உதவாது. கிழங்கு எங்கே பிறந்தது என்பதில் இருக்கிறது காரணம்.

ஃப்ரீசியாவின் சொந்த ஊர் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி. கீல் நகரத்து மருத்துவர் ஃப்ரீஸ் என்பவரின் நினைவாக, அவருடைய நண்பரான எக்லான் என்ற தாவரவியலாளர் வைத்த பெயர் அது. கேப் பகுதியில் கோடை காய்ந்து கிடக்கும். மழை குளிர்காலத்தில்தான் பெய்யும். கோடைச் சூட்டில் கிழங்கு மண்ணுக்குள் தூங்குகிறது. அந்தச் சூடுதான் அதன் தூக்கத்தையும் கலைக்கிறது. இலையுதிர் காலத்து முதல் மழையில் முளைக்கிறது. நாலைந்து இலை விட்ட பிறகு மண் சில்லிட வேண்டும், ஏறக்குறைய 15 டிகிரியோ அதற்கும் கீழேயோ, அதுவும் பல வாரங்களுக்கு. அந்தக் குளிரில்தான் செடியின் உள்ளே பூ உருவாகிறது.

நம் ஊர்க் கணக்கைப் பார்ப்போம். தூக்கம் கலையச் சூடு வேண்டுமா? இருக்கிறது. முளைக்க மழையா? வேண்டிய மட்டும். ஆனால், கோலாலம்பூரில் விடியற்காலை ஐந்து மணிக்குக்கூட 23, 24 டிகிரி. பூ உருவாக வேண்டிய நாளில் செடி அந்தக் குளிருக்காகக் காத்துக் காத்து, இலையை மட்டும் நீட்டி, பிறகு வாடிப் போகிறது. நெதர்லாந்தின் கண்ணாடிக் கூடங்களில் மண்ணுக்கு அடியில் குழாய் பதித்து, குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டு ஃப்ரீசியாவைப் பூக்க வைக்கிறார்கள். நம் பால்கனியில் அதற்கு வழி இல்லை.

'டியூலிப் மாதிரி ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால்?' என்று உடனே அடுத்த செய்தி வரும். டியூலிப்புக்குத் தூங்கும்போது குளிர் வேண்டும். ஃப்ரீசியாவுக்கு விழித்த பிறகு. தூங்கும் ஃப்ரீசியா கிழங்கை நெடுநாள் குளிரில் வைத்தால் அது ஒரு விசித்திரம் செய்யும். இலையே விடாமல், தன் தலைமேல் இன்னொரு கிழங்கை உண்டாக்கிவிட்டு மறுபடி தூங்கிவிடும். இன்னொரு விஷயம். வெளிநாட்டிலிருந்து கிழங்கை வரவழைக்க மாகிஸ் எனப்படும் தனிமைப்படுத்தல், சோதனைத் துறையின் இறக்குமதி உரிமம் வேண்டும். விற்பவரிடம் அது இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

உண்மையில் நம்மில் பலருக்கு ஃப்ரீசியா பழக்கமானது பூவாக அல்ல. ஷாம்பு புட்டியாக, வாசனைத் திரவியமாக. அந்த மணத்தின் பெரும் பகுதி லினலூல் என்ற ஒரு பொருள். அதே லினலூல்தான் கொத்தமல்லி விதை எண்ணெயிலும் பெரும் பங்கு. வறுக்கக் கொட்டும் முன் கொஞ்சம் மல்லியை உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்து பாருங்கள். காரத்துக்கு அடியில், எங்கோ ஓர் ஓரத்தில், அந்த ஷாம்பு இருக்கும்.

ஃப்ரீசியா கேட்பவர்கள் விரும்புவது என்ன? கிழங்கு நட்டு வரும் பூ, நீண்ட தண்டு, வீடு நிறையும் மணம். இந்த மூன்றையும் நம் வெயிலிலேயே தரும் கிழங்கு ஒன்று இருக்கிறது. அதைத் தேடிப் போக விமானம் வேண்டாம். கொமுட்டர் ரயில் போதும்.

பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் மாலை ஆறு மணிக்கு மேல் நடந்து பாருங்கள். வடை எண்ணெய், சாம்பிராணி, பேருந்துப் புகை, எங்கோ கொதிக்கும் தேநீர். இவை எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டு ஒரு மணம் வரும். பூமாலைக் கடையில் வாளி நிறைய நிற்கும் வெள்ளைப் பூதான் அது: சம்பங்கி. பகலில் அடக்கமாக இருந்து, வெளிச்சம் குறையக் குறைய மணத்தை ஏற்றும். பறித்த பிறகும் மொட்டுகள் மணம் சுரந்துகொண்டே இருக்கும். பிரான்சின் கிராஸ் நகரத்து வாசனைத் திரவியக்காரர்கள் பறித்த பூவைக் கொழுப்பின்மேல் பரப்பி, பல மணி நேரம் மணத்தை உறிஞ்ச விட்டது அதனால்தான்.

"வெள்ளிக்கிழமைன்னா இது நிக்காது ம்மா. கட்டக் கட்டப் போயிரும்," என்றார் மாலை கட்டிக்கொண்டிருந்த அம்மா. கை நிற்கவே இல்லை. இரண்டு சம்பங்கி, ஒரு துளசி, வாழை நாரில் ஒரு சுற்று. "வீட்டுல வளத்துப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். "எங்க வீடு பதினேழாவது மாடி. பூ அங்க வளராது, நாந்தான் வளர்றேன்," என்று சிரித்தார். பதினேழாவது மாடியிலும் வளரும் என்பதை அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். நம்பியதாகத் தெரியவில்லை.

சம்பங்கி என்றதும் சிலருக்குச் செண்பக மரம் நினைவுக்கு வரும். மலாய்க்காரர்கள் செம்பாக்கா என்பது அந்த மரத்தை. மணத்தில் அதை ஒத்து, தரையில் முளைப்பதால் இது நிலச்சம்பங்கி. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் செண்பகம் உண்டு. இந்தச் சம்பங்கி இல்லை. இருக்கவும் முடியாது. இது மெக்சிகோவின் பூ. அங்கே அஸ்டெக் மக்கள் இதை 'எலும்புப் பூ' என்று அழைத்தார்கள். அந்த வெண்மைக்காக இருக்கலாம். ஸ்பானியர்கள் மெக்சிகோவுக்குப் போன பிறகுதான் இது கடல் தாண்டியது. இன்று பெருமாள் மாலையில் அதைப் பார்க்கும்போது, சங்க காலம் தொட்டு நம்முடன் இருப்பது போலத்தான் தோன்றுகிறது.

பக்கத்து வீட்டு மலாய் அம்மாவிடம் இதே பூவை நீட்டினால் அவர் ஓர் அடி பின்வாங்கக்கூடும். மலாய் மொழியில் இதற்கு 'ஹாரும் சுந்தால் மாலாம்' என்று பெயர். இரவில் மணக்கும் பரத்தை என்பது போன்ற பொருள். 2004இல் வந்த 'பொந்தியானாக் ஹாரும் சுந்தால் மாலாம்' படத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. நமக்குச் சாமி வரும் மணம், அவர்களுக்குப் பேய் வரும் மணம். கடல் தாண்டி இந்தோனேசியாவுக்குப் போனால் அதுவே 'செடாப் மாலாம்', இனிய இரவு. கிழக்கு ஜாவாவின் பசுருவான் பக்கம் வயல் வயலாகப் பயிரிடுகிறார்கள். அந்த வெப்பமும் ஈரமும் நம்முடையதைப் போன்றதுதான். எனவே இங்கே வளருமா என்ற சந்தேகம் வேண்டாம்.

கிழங்கு வாங்க நான் போனது சுங்கை பூலோ. கேஎல் சென்ட்ரலிலிருந்து தஞ்சோங் மாலிம் போகும் கொமுட்டரில் ஏறி, சுங்கை பூலோவில் இறங்கி, அங்கிருந்து வாடகைக் காரில் போக வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் செடி வாங்குபவர்களுக்கு இந்த இடம் தெரியாமல் இருக்காது. சாலையின் இரு பக்கமும் நர்சரிகள். போகன்வில்லா, வாழைக் கன்று, ஆர்க்கிட், எலுமிச்சை, பெரிய பெரிய மண் தொட்டிகள். ஞாயிற்றுக்கிழமை என்றால் கார் நிறுத்த இடம் கிடைக்காது.

இந்த நர்சரிகள் ஏன் இங்கே வந்தன என்பது பலருக்குத் தெரியாது. 1930இல் திறந்த தொழுநோயாளர் குடியிருப்பு இது. அதற்கு முன் நோயாளிகளை அடைத்து வைத்திருந்த இடம் சிறையைப் போன்றது. டாக்டர் டிராவர்ஸ் என்ற மருத்துவர், மனிதர்கள் வாழும் தோட்ட நகரமாக ஓர் இடம் வேண்டும் என்று வாதாடியதில் உருவானது சுங்கை பூலோ. சின்னச் சின்ன வீடுகள், பள்ளி, கோயில், மசூதி, தேவாலயம் எல்லாம் உள்ளேயே. ஆனால் சட்டம் அவர்களை வெளியே விடவில்லை. இங்கே பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். பலர் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். நோய் குணமான பிறகும் ஊர் ஏற்காதவர்கள் இங்கேயே தங்கி, வீட்டைச் சுற்றியிருந்த மண்ணில் செடி வளர்த்து விற்கத் தொடங்கினார்கள். அவர்களைத் தொடப் பயந்த ஊர், அவர்கள் தொட்டு வளர்த்த செடியை வாங்க வரிசையில் நின்றது. 2007இல் குடியிருப்பின் கிழக்குப் பகுதி பல்கலைக்கழக மருத்துவ வளாகத்துக்காக இடிக்கப்பட்டது. மிச்சமிருக்கும் பகுதியில் ஒரு சிறிய காட்சிக்கூடம் இருக்கிறது. செடி வாங்கப் போகிறவர்கள் அரை மணி நேரம் அங்கேயும் ஒதுக்கலாம். பிள்ளைகளோடு போனால் கட்டாயம்.

நான் போன நர்சரியின் சீன அங்கிளிடம் கைப்பேசியில் ஃப்ரீசியா படத்தைக் காட்டினேன். "தா போலே, அமோய். சினி பானாஸ்," என்றார். முடியாது பிள்ளை, இங்கே சூடு. எட்டு வார்த்தையில் நான் வானொலியில் சொல்வதை ஐந்து வார்த்தையில் முடித்துவிட்டார். சம்பங்கி என்று விளக்கியதும், பின்பக்கம் போய், பழைய செய்தித்தாளில் சுற்றிய கிழங்குகளை எடுத்து வந்தார்.

கிழங்கைத் தேர்ந்தெடுக்கும்போது அழுத்திப் பார்க்க வேண்டும். கல் மாதிரி இருக்க வேண்டும், அமுங்கினால் வேண்டாம். எடை 25 முதல் 30 கிராம் வரை இருப்பதைத்தான் தமிழகத் தோட்டக்கலைக்காரர்கள் நடச் சொல்கிறார்கள். சிறியதை நட்டால் முதலில் இலைதான் வரும், பூவுக்கு இன்னும் காத்திருக்க வேண்டும். ஒற்றையடுக்கு, இரட்டையடுக்கு என்று இரண்டு வகை உண்டு. இரட்டை பார்க்க அழகு, பூச்சாடிக்கு நல்லது. மணத்துக்கும் மாலைக்கும் ஒற்றைதான். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பிரஜ்வல் என்ற ஒற்றை ரகத்தின் மொட்டில் லேசாக இளஞ்சிவப்பு ஓடும். கிடைத்தால் விடாதீர்கள்.

மண்ணில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, மரத்தையும் அத்தாப்பையும் விட்டுச் செங்கல்லால் ஊரைக் கட்டத் தொடங்கினார்கள். அந்தச் செங்கல் சூளைகள் இருந்ததால்தான் பிரிக்பீல்ட்ஸுக்கு அந்தப் பெயர். செங்கல்லுக்கு ஏற்ற களிமண் கிழங்குக்குப் பகை. தண்ணீர் தேங்கினால் பத்தே நாளில் அழுகிவிடும். தோட்ட மண், பரும்மணல், மக்கிய உரம் மூன்றும் சம பங்கு. தேங்காய் நார்த்தூள் போட்டால் கொஞ்சமாக. பத்து அங்குலத் தொட்டியில் மூன்று கிழங்கு. அதற்கு மேல் பேராசை. நுனி மண்ணுக்குள் ஒரு விரற்கடை மறைந்தால் போதும். நட்டதும் ஒரு முறை தண்ணீர். பிறகு முளை தெரியும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இது சிலருக்குச் சிரமம் என்று எனக்குத் தெரியும்.

வெயில் குறைந்தது ஆறு மணி நேரம். அடுக்குமாடியில் இதுதான் தீர்மானிக்கும். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று டிகிரி வடக்கே இருக்கிறோம். உச்சி வேளையில் சூரியன் தலைக்கு மேல் நிற்பதால், வடக்கும் தெற்கும் பார்த்த பால்கனிகளில் மேல்மாடித் தளம் அதை மறைத்துவிடும். கிழக்கோ மேற்கோ பார்த்த பால்கனி என்றால் கம்பியோரமாகத் தொட்டியை வையுங்கள். இல்லையென்றால் மொட்டை மாடிக்கு அனுமதி கேட்டுப் பாருங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு தட்டுத் தண்ணீர் ஒரு குளம். சுகாதாரத் துறையினர் வந்து பார்த்தால் அபராதமும் உண்டு.

எல்லாம் சரியாக அமைந்தால் மூன்று மாதத்திலிருந்து நான்கு மாதத்துக்குள் புல் போன்ற இலைகளின் நடுவிலிருந்து தண்டு எழும்பும். மூன்றடி வரை போகும், ஒரு குச்சி நட்டுக் கட்டுங்கள். கீழிருந்து மேலாக ஒவ்வொரு ஜோடியாக மலரும். இரண்டு ஜோடி மலர்ந்ததும் தண்டை வெட்டி வீட்டுக்குள் வைக்கலாம். ஒரே அறைக்கு ஒரு தண்டு போதும், இரண்டு வைத்தால் தலைவலி வருகிறது என்று என் கணவர் முறையிடுகிறார்.

ஒரு கிழங்கு ஒரே ஒரு முறைதான் பூக்கும். பிறகு அதைச் சுற்றிக் குட்டிக் கிழங்குகள் பருக்கும், அடுத்த பூ அவற்றிலிருந்து. இரண்டு, மூன்று ஆண்டில் தொட்டி நெருங்கிவிடும். குளிர்காலம் உள்ள ஊரில் செடி தானாக ஓய்வெடுக்கும். நம் ஊரில் நாம்தான் ஓய்வு கொடுக்க வேண்டும். தண்ணீரை நிறுத்தி, தொட்டியைக் கூரைக்கு அடியில் இழுத்து வையுங்கள். அக்டோபர், நவம்பர் மழைக்கு இதைச் செய்யாவிட்டால் அழுகல் நிச்சயம். இலை பழுத்ததும் தோண்டி, பிரித்து, நிழலில் 30 நாள் உலர்த்தி, மறுபடி நட வேண்டும். வேரில் நூற்புழு வராமலிருக்கக் கொஞ்சம் வேப்பம்பிண்ணாக்கு.

இவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு மழை லில்லி. சின்ன வெங்காயம் மாதிரி கிழங்கு, எந்த மண்ணிலும் கிடக்கும், பெருமழை பெய்த சில நாளில் திடீரென்று பூக்கும். மணம் எதிர்பார்க்காதீர்கள். செங்காந்தளும் கிழங்குதான், தமிழ்நாட்டின் மாநில மலர். ஆனால் அதன் கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம்.

கிள்ளானுக்கு அதே கொமுட்டர் தடத்தில் எதிர்ப்பக்கம் போக வேண்டும். கேஎல் சென்ட்ரலிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். நிலையத்திலிருந்து நடந்தே ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் போய்விடலாம். புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் அந்தத் தெருப் பூக்கடைகளில் துளசியும் சம்பங்கியும்தான் முன்வரிசை. எல்லாம் 1892இல் தொடங்கிய சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்களுக்காக. ஆனால், நான் போனது பூ வாங்க அல்ல. என் அத்தை வீட்டு வாசலில் இருக்கும் ஆறு சம்பங்கித் தொட்டிகளுக்காக.

அந்தக் கிழங்குகள் கடையில் வாங்கியவை அல்ல. காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பாட்டியின் லயத்து வீட்டு முன்னால் வளர்ந்தவை. பால்மரம் வெட்டிவிட்டு வந்து, வாளியைக் கழுவிய தண்ணீரை அந்தச் செடிகளுக்குத்தான் ஊற்றுவாராம். தொண்ணூறுகளில் தோட்டம் விற்கப்பட்டது. லயத்தைக் காலி செய்ய நாள் குறித்துக் கடிதம் வந்தது. கிள்ளானில் கிடைத்தது நான்காவது மாடியில் ஓர் அடுக்குமாடி வீடு. வேப்ப மரத்தையும் முருங்கையையும் எடுத்துப் போக முடியாது. முனியாண்டி கோயிலையும் முடியாது. பாட்டி கிழங்குகளைத் தோண்டி, செய்தித்தாளில் சுற்றி, மைலோ டின்னில் போட்டு எடுத்து வந்தார்.

ஜாலான் துன் சம்பந்தனில் நடக்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட நாளில், தொழிலாளிகளின் காசைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் துன் சம்பந்தன். அந்தச் சங்கம் வாங்கிய தோட்டங்கள் உண்டு. பாட்டியின் தோட்டம் அவற்றில் ஒன்றல்ல.

நான்காவது மாடி நடையோரத்தில் பெயின்ட் டின்களில் பத்து வருடம் இருந்த கிழங்குகள், அத்தைக்குக் கல்யாணமாகி மாடி வீடு வாங்கியபோது இங்கே வந்தன. தோட்டத்திலிருந்து வந்த அந்த முதல் கிழங்குகள் ஒன்றுகூட இப்போது இல்லை. அவை பூத்து முடிந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இருப்பவை அவற்றின் பிள்ளைகளின் பிள்ளைகள்.

அத்தை ஒரு தொட்டியைக் கவிழ்த்தார். மண்ணோடு கொத்தாக விழுந்தது. தரையில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, பெரியதை ஒரு பக்கம், சிறியதை ஒரு பக்கம் வைத்தார். பெரியதில் ஐந்தை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றினார்.

"ஒரு மாசம் கைய வைக்காத. நெழல்ல போட்டு வை. சாமி மேசைக்கு அடியில வச்சின்னா எலி வராது," என்றார். பிறகு மிச்சமிருந்த சின்னக் கிழங்குகளையும் பார்த்துவிட்டு, "இதையும் கொண்டு போ. ஒங்க ரேடியோவுல கேக்குறவங்களுக்குக் குடு," என்று இன்னொரு பொட்டலம் கட்டத் தொடங்கினார்.